ஈசிஜி நார்மல் என்றால் இதயமும் நார்மலா?

கேள்வி இதுதான். நெஞ்சில் இறுக்கம் என்று மருத்துவமனைக்குப் போனவருக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்து, ‘நார்மல்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இனி இதயத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கலாமா? அந்தத் தாளில் அச்சாகியிருக்கும் பிஆர், கியூஆர்எஸ், கியூடிசி என்ற எண்களுக்கு என்ன பொருள்?

ஒரே ஒரு நார்மல் ஈசிஜியை வைத்து மாரடைப்பு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அந்தத் தாளில் இருப்பது வெறும் 10 வினாடி. படுத்து ஓய்வாக இருந்த அந்த 10 வினாடியில் இதயத்தின் மின்னோட்டம் எப்படிப் பாய்ந்தது என்பதுதான் அதில் பதிவாகியிருக்கிறது. நேற்று மாடிப்படி ஏறும்போது நடந்தது அதில் இல்லை. அடுத்த அரை மணியில் நடக்கப்போவதும் இல்லை. ஆனால் வலி இருக்கும்போதே எடுத்து, தேவைப்பட்டால் மறுபடி மறுபடி எடுத்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இவ்வளவு எளிய, வலியில்லாத, சில நிமிடங்களில் முடிகிற சோதனை உயிரைக் காப்பாற்றுகிற தகவலைத் தந்துவிடும். ஈசிஜியின் பலம் முழுக்க அந்த ஒப்பீட்டில் இருக்கிறது. இந்தப் பதிலில் அடிக்கடி அங்கேதான் திரும்பி வருவேன்.

கருவி என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஈசிஜி உடம்புக்குள் மின்சாரம் செலுத்துவதில்லை. இதயமே உண்டாக்கும் மிகச் சிறிய மின்னழுத்தத்தைத் தோலின் மேலிருந்து அளக்கிறது. வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சைனஸ் கணுவில் துடிப்பு பிறக்கிறது. அது மேலறைகள் முழுவதும் பரவும்போது தாளில் ஒரு சிறு மேடு விழும். அது பி அலை. பிறகு மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஏவி கணுவில் சற்றே தாமதித்து, ஹிஸ் கற்றை வழியாக இறங்கி, வலது இடது கிளைகளில் பிரிந்து கீழறைகளுக்குப் பாய்கிறது. கூராக எழும் கியூஆர்எஸ் அந்தப் பாய்ச்சல். கீழறைத் தசை அடுத்த துடிப்புக்காக மீண்டும் தயாராவது டி அலை. இந்த எழுத்துகளை வைத்தவர் நெதர்லாந்தின் லைடன் நகரில் பணியாற்றிய வில்லெம் ஐந்தோவன். மின்காந்தத்தின் நடுவே மெல்லிய குவார்ட்ஸ் இழையைத் தொங்கவிட்டு அவர் அமைத்த கருவிக்கு 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது நோயாளியின் இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைப்பார்கள். இன்றைய ஈசிஜியில் லீட் 1, 2, 3 என்று இருப்பவை அந்த மூன்று தொட்டிகளின் வாரிசுகள்தான்.

இன்று உடம்பில் ஒட்டுவது 10 எலக்ட்ரோடு. தாளில் வருவது 12 லீட். எண்ணிக்கை ஏன் பொருந்தவில்லை என்று பலர் குழம்புவதுண்டு. லீட் என்பது ஒயர் இல்லை, ஒரு பார்வைக் கோணம். கைகால்களில் வைக்கும் நான்கில் வலது கால் இரைச்சலைக் குறைக்க உதவும் தரைமுனை மட்டுமே. மீதி மூன்றையும் மாற்றி மாற்றிக் கணக்கிட்டு லீட் 1, 2, 3, ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப் என்று ஆறு கோணங்கள் கிடைக்கின்றன. நெஞ்சில் வைக்கும் ஆறும் வி1 முதல் வி6 வரை ஆளுக்கொரு கோணம். ஒரே இதயத்தைப் பன்னிரண்டு பக்கமிருந்து பார்த்ததுபோல.

இனி தாள். வழக்கமான வேகம் வினாடிக்கு 25 மில்லிமீட்டர். அதனால் ஒரு சின்னக் கட்டம் 0.04 வினாடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 வினாடி. உயரத்தில் 10 மில்லிமீட்டர் ஒரு மில்லிவோல்ட். ஓரத்தில் செவ்வகமாக ஒரு குறி இருக்கும். அது 10 சின்னக் கட்ட உயரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யாரோ பாதி அளவில் வைத்துவிட்டால் எல்லா அலையும் பாதி உயரத்தில் வரும். வேகத்தை 50-க்கு மாற்றியிருந்தால் எல்லாமே இருமடங்கு அகலமாகத் தெரியும். இதைக் கவனிக்காமல் படித்தால் இல்லாத நோயெல்லாம் இருப்பதாகத் தோன்றும்.

இதயத்துடிப்பைக் கணக்கிட, அடுத்தடுத்த இரண்டு ஆர் முனைகளுக்கு (கியூஆர்எஸ்ஸின் உச்சிகளுக்கு) நடுவில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி 300-ஐ அதால் வகுக்க வேண்டும். நான்கு கட்டம் என்றால் நிமிடத்துக்கு 75. துடிப்பு ஒழுங்கற்று இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. 10 வினாடித் துண்டில் உள்ள கியூஆர்எஸ்களை எண்ணி ஆறால் பெருக்குங்கள்.

பிஆர் என்பது மேலறையில் துடிப்பு தொடங்கிக் கீழறையை எட்டும் வரை ஆகும் நேரம். 120 முதல் 200 மில்லிவினாடி வரை இயல்பு. கூடினால் நடுவழியில் தாமதம். 120-க்கும் குறைந்து, கியூஆர்எஸ்ஸின் தொடக்கம் சரிவாக ஏறினால், ஏவி கணுவைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்குவழி ஒன்று இருக்கலாம். டபிள்யூபிடபிள்யூ என்பது அதுதான். கியூஆர்எஸ் 120 மில்லிவினாடிக்குக் குறைவாக இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் வலது அல்லது இடது கிளையில் தடை இருக்கலாம், துடிப்பே கீழறையில் பிறந்திருக்கலாம், சில மருந்துகளோ பொட்டாசியம் மிகுதியோ காரணமாகவும் இருக்கலாம்.

கியூடிசி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய எண். கியூடி என்பது கீழறை துடிக்கத் தொடங்கியதிலிருந்து மீண்டும் தயாராகும் வரை ஆகும் மொத்த நேரம். துடிப்பு வேகமானால் அது தானாகவே சுருங்கும் என்பதால் வேகத்துக்கு ஏற்பத் திருத்திச் சொல்வார்கள். அந்தத் திருத்திய எண்தான் கியூடிசி. ஆண்களுக்கு 450, பெண்களுக்கு 460 மில்லிவினாடி வரை பொதுவாக ஏற்கப்படுகிறது. 500-ஐத் தாண்டினால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு உண்மையாகவே கூடுகிறது. பல கருவிகள் பயன்படுத்துவது பாசெட் சூத்திரம். துடிப்பு வேகமாக இருக்கும்போது அது எண்ணைக் கூட்டிக் காட்டும். உதாரணமாக, நிமிடத்துக்கு 100 துடிப்பு, கியூடி 360 என்று வையுங்கள். பாசெட் கணக்கில் கியூடிசி ஏறத்தாழ 465. ஃப்ரிடெரிசியா என்ற இன்னொரு சூத்திரத்தின் கணக்கில் 427 தான். அதே இதயம், அதே தாள், ஒன்றில் ‘நீண்டது’, இன்னொன்றில் ‘இயல்பு’. காய்ச்சலிலோ பதற்றத்திலோ எடுத்த ஈசிஜியில் கியூடிசி சற்றுக் கூடுதலாக வந்தால், ஓய்வெடுத்துத் துடிப்பு அடங்கியபின் மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்வதன் காரணம் இதுவே. உண்மையிலேயே நீண்டிருந்தால் சாப்பிடும் மருந்துகளைப் பட்டியல் போட்டுப் பார்க்க வேண்டும். அசித்ரோமைசின், வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரான், மனநோய்க்கான ஹாலோபெரிடால், துடிப்புக்கான சோட்டலால் ஆகியவை கியூடியை நீட்டக்கூடியவை. இரண்டு மூன்று சேர்ந்தால் விளைவும் சேரும். பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம் குறைந்திருக்கிறதா என்றும் ரத்தத்தில் பார்க்க வேண்டும்.

எண்களையெல்லாம் நம்புவதற்கு முன்னால் எலக்ட்ரோடு சரியான இடத்தில் இருந்ததா என்ற கேள்வி இருக்கிறது. ஈசிஜியில் நடக்கும் தவறுகளில் பெரும்பங்கு இங்கேதான். தொண்டைக்குழியில் விரலை வைத்து மார்பெலும்பின் மேல் மெதுவாகக் கீழே இறக்கினால், சுமார் 5 சென்டிமீட்டரில் குறுக்காக ஒரு சிறு மேடு தட்டுப்படும். அதன் பக்கத்தில் வந்து சேர்வது இரண்டாவது விலா எலும்பு. அதற்கு அடியில் உள்ள பள்ளம் இரண்டாவது விலா இடைவெளி. அங்கிருந்து மூன்று, நான்கு என்று விரலால் எண்ணி இறங்க வேண்டும். நான்காவது இடைவெளியில் மார்பெலும்பின் வலது ஓரம் வி1, இடது ஓரம் வி2. அடுத்து வைக்க வேண்டியது வி4: ஐந்தாவது இடைவெளியில், இடது காறை எலும்பின் நடுப்புள்ளிக்கு நேர்கீழே. வி2-க்கும் வி4-க்கும் சரிபாதியில் வி3. பிறகு வி4 உள்ள அதே மட்டத்தில், அக்குளின் முன்மடிப்புக்கு நேர்கீழே வி5, அக்குளின் நடுவுக்கு நேர்கீழே வி6. விலா எலும்பைப் பிடித்துக்கொண்டே பின்னால் போகக் கூடாது. அது மேல்நோக்கி வளைவதால் வி6 மேலே ஏறிவிடும். பெண்களுக்கு வி4, வி5, வி6 வழக்கமாக மார்பகத்தின் அடியில் வரும். கூச்சப்பட்டு இடத்தை மாற்றினால் படிப்பவர் ஏமாறுவார்.

அவசரத்தில் கண்ணளவில் வைக்கும்போது வி1, வி2 இரண்டும் ஒன்றிரண்டு இடைவெளி மேலே போய்விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அப்போது அங்கே ஆர் அலை சுருங்கி, இதயத்தின் முன்சுவரில் பழைய மாரடைப்பு நடந்ததுபோல ஒரு தோற்றம் வரும். வி1-இல் பி அலை முழுவதும் கீழ்நோக்கி இருந்தால் எலக்ட்ரோடு மேலே ஏறிவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். வலது, இடது கை ஒயர்கள் மாறிவிட்டால் லீட் 1 அப்படியே தலைகீழாகும், ஏவிஆர் நிமிர்ந்து நிற்கும். வலது கை ஒயரும் வலது கால் ஒயரும் மாறினால் லீட் 2 ஏறத்தாழ நேர்கோடாகப் படுத்துவிடும். இதயம் வலப்பக்கம் இருப்பவர்களுக்கும் லீட் 1 தலைகீழாக வரும். அவர்களுக்கு வி1-இலிருந்து வி6 போகப்போக அலையின் உயரம் குறைந்துகொண்டே போகும், ஒயர் மாறியவர்களுக்கு நெஞ்சு லீட்கள் இயல்பாகவே இருக்கும். வித்தியாசம் அதில் தெரிந்துவிடும்.

உறிஞ்சு குமிழ் எலக்ட்ரோடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஜெல்லை நெஞ்சின் குறுக்கே ஒரே கோடாக இழுத்துத் தடவினால் ஆறு எலக்ட்ரோடுகளும் ஜெல் வழியாகவே ஒன்றோடொன்று இணைந்து, வி1 முதல் வி6 வரை ஒரே மாதிரி அலை வரும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொட்டு ஜெல் போதும். தோலில் எண்ணெயோ லோஷனோ இருந்தால் துடைக்க வேண்டும். முடி அடர்ந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் மழிக்க வேண்டும். குளிரில் நடுங்கினாலோ, பார்க்கின்சன் நடுக்கம் இருந்தாலோ, மேலறை படபடப்பதுபோன்ற பொய்யான அலைகள் வரும். கை எலக்ட்ரோடுகளை மேற்கையில் வைத்து, கைக்கு அடியில் தலையணை கொடுத்தால் அடங்கும். ஆனால் அவற்றை நெஞ்சுக்கே இழுத்துவிடக் கூடாது, வைத்தே ஆக வேண்டுமென்றால் தாளில் எழுதிவைக்க வேண்டும். இடம் மாறினால் அலையின் உருவமும் மாறும். அலைகளுக்கு நடுவே தட்டையாக ஓடும் அடிக்கோடு அலைவதைச் சரிசெய்யக் கருவியின் வடிகட்டியைக் கண்டபடி முடுக்குவதும் தப்பு. மானிட்டர்களில் வைக்கும் 0.5 ஹெர்ட்ஸ் கீழ்வரம்பு எஸ்டி பகுதியை வளைத்துக் காட்டக்கூடும். நோயறிய எடுக்கும் ஈசிஜிக்கு வழக்கமான கீழ்வரம்பு 0.05 ஹெர்ட்ஸ்.

இனி மாரடைப்பு. கியூஆர்எஸ் முடிந்து டி அலை தொடங்கும் வரையுள்ள பகுதி எஸ்டி. இதயத் தசையின் ஒரு பகுதிக்கு ரத்தம் அடியோடு நின்றுபோனால், அந்தப் பகுதியைப் பார்க்கும் லீட்களில் எஸ்டி அடிக்கோட்டை விட்டு மேலே எழும். அடுத்தடுத்த இரண்டு லீட்களில் 1 மில்லிமீட்டர் எழுந்தாலே கணக்கில் சேரும். வி2, வி3-இல் மட்டும் ஆரோக்கியமானவர்களுக்கும் சற்று உயர்ந்திருக்கும் என்பதால் அளவுகோல் வேறு: 40 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு 2, அதற்குக் குறைந்த ஆண்களுக்கு 2.5, பெண்களுக்கு 1.5 மில்லிமீட்டர். லீட் 2, 3, ஏவிஎஃப் இதயத்தின் கீழ்ச்சுவர். வி1 முதல் வி4 வரை நடுச்சுவரும் முன்சுவரும். லீட் 1, ஏவிஎல், வி5, வி6 இடப்பக்கச் சுவர். ஒரு பக்கம் எழும்போது எதிர்ப்பக்கம் பெரும்பாலும் தாழும். கீழ்ச்சுவரில் மிக லேசாக எஸ்டி எழுந்திருக்கிறது, சந்தேகமாக இருக்கிறது என்றால் ஏவிஎல்லைப் பாருங்கள். அங்கே எஸ்டி தாழ்ந்திருந்தால் சந்தேகத்தைத் தள்ளிவைத்துவிட்டு மாரடைப்பாக நடத்துவதே சரி.

இந்த வகை மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் தசை செத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் நெஞ்சு வலியோடு வருபவருக்கு முதல் மருத்துவத் தொடர்பிலிருந்து 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் படித்துவிட வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஈசிஜியில் உறுதியானதிலிருந்து 120 நிமிடத்துக்குள் அடைப்பை பலூன் வைத்துத் திறக்க முடியுமானால் அதற்கு அனுப்புவார்கள்; முடியாத இடத்தில், தடையேதும் இல்லாவிட்டால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி.

பன்னிரண்டு லீட்களும் பார்க்காத மூலைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று இதயத்தின் பின்சுவர். அங்கே அடைப்பு வந்தால் வழக்கமான தாளில் எஸ்டி எழாது. வி1 முதல் வி3 வரை தாழ்ந்திருக்கும், ஆர் அலை பருத்திருக்கும். அப்போது மூன்று எலக்ட்ரோடுகளை முதுகுப்பக்கம் கொண்டுபோய், இடது தோள்பட்டை எலும்பின் அடியில் வி7, வி8, வி9 என்று எடுத்தால் எழுச்சி தெரியும், அங்கே 0.5 மில்லிமீட்டரே போதும். மற்றொன்று வலது கீழறை. கீழ்ச்சுவர் மாரடைப்பு என்று தெரிந்ததும் வி4 எலக்ட்ரோடை அதே இடத்துக்கு நேராக வலது நெஞ்சில் வைத்து இன்னொரு பதிவு எடுக்க வேண்டும். வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால் நாக்குக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை ரத்த அழுத்தத்தைச் சட்டென்று தரைமட்டமாக்கிவிடும். ஒரு எலக்ட்ரோடை இடம் மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் விடுவதற்கு நியாயமே கிடையாது.

சரி, மாரடைப்பு இருந்தும் ஈசிஜி நார்மலாக வருவது எப்படி? குழாய் முழுவதும் அடைபடாமல் பாதி அடைத்தும் திறந்தும் இருந்தால் எஸ்டி எழாமலே தசை சேதமாகும். தாழ்ந்த எஸ்டியோ தலைகீழான டி அலையோ வரலாம், எதுவுமே வராமலும் போகலாம். வலி தொடங்கிய சில நிமிடங்களிலேயே எடுத்திருந்தால் மாற்றம் இன்னும் தொடங்கியிருக்காது; டி அலை மட்டும் அகலமாகப் பருத்து நிற்கும், பழைய ஈசிஜி கையில் இல்லாவிட்டால் அது கண்ணில் படாது. இதயத்தின் பக்கவாட்டிலும் பின்புறமும் ரத்தம் கொடுக்கும் சர்கம்ஃப்ளெக்ஸ் குழாய் அடைபட்டால் ஈசிஜியில் தடயம் மிகக் குறைவு. இதில் இன்னொரு பொறியும் உண்டு: வலி நின்றபின் எடுத்த ஈசிஜியில் வி2, வி3-இல் டி அலை மேலேறிக் கீழிறங்கியோ, ஆழமாகத் தலைகீழாகவோ இருந்தால் முன்பக்கக் குழாயின் தொடக்கத்தில் கடும் அடைப்பு இருக்கக்கூடும். வெல்லன்ஸ் அறிகுறி என்பார்கள். ஆள் வலியில்லாமல் உட்கார்ந்திருப்பார். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் டிரோபோனின் என்ற புரதம் இயல்பாகவோ லேசாகக் கூடியோ இருக்கும். அடுத்த சில நாட்களில் பெரிய மாரடைப்பு வரலாம். அவரை டிரெட்மில்லில் ஓடவைப்பது ஆபத்து.

அதனால் வலி தொடர்ந்தால், முதல் ஈசிஜி நார்மலாக இருந்தாலும் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முதல் ஒரு மணி நேரம் மறுபடி எடுக்க வேண்டும். டிரோபோனின் ரத்தப் பரிசோதனையை இடைவெளி விட்டு இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். கேள்வியில் சொன்ன நபருக்கு ஒரே ஈசிஜியோடு நிறுத்திவிட்டார்களா, டிரோபோனின் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால், இறுக்கம் மறுபடி வந்தாலோ, வியர்வை, மூச்சிரைப்பு, தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி இருந்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள், முதியவர்கள், பெண்கள் ஆகியோருக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வெறும் அசதியும் மூச்சுத்திணறலுமாக வருவதுண்டு.

எஸ்டி எழுந்ததெல்லாம் மாரடைப்பு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதயத்தைச் சுற்றியுள்ள உறை அழன்றால் ஏறத்தாழ எல்லா லீட்களிலும் எஸ்டி எழுந்து, பிஆர் பகுதி தாழும். குனிந்து உட்கார்ந்தால் அந்த வலி குறையும். இளம் வயதில் ஆரோக்கியமானவர்களுக்குக் குழிந்த வடிவில் எஸ்டி எழுந்திருப்பது சாதாரணம். இடது கிளைத் தடை, பருத்த இதயம், பொட்டாசியம் மிகுதி எல்லாமே எஸ்டியை மாற்றும். ப்ருகாடா நோயில் வி1, வி2-இல் எஸ்டி எழுந்து சரிவாக இறங்கித் தலைகீழ் டி அலையில் முடியும். திடீர் மரணத்துக்குக் காரணமாகக்கூடிய பரம்பரைக் கோளாறு அது, காய்ச்சலில் பளிச்சென்று வெளிப்படும். மேலே வைக்கக் கூடாது என்று சொன்ன அதே வி1, வி2 எலக்ட்ரோடுகளை, இந்த நோயைத் தேடும்போது மட்டும் வேண்டுமென்றே இரண்டாவது, மூன்றாவது இடைவெளிக்கு ஏற்றி எடுப்பார்கள்.

துடிப்பு ஒழுங்கைப் பொறுத்தவரை ஈசிஜிக்கு மாற்றே இல்லை. பி அலையே காணாமல், ஆர் முனைகள் எந்தக் கணக்குக்கும் அடங்காமல் முன்னும் பின்னுமாக விழுந்தால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறைகள் ஒழுங்கின்றிப் படபடப்பது. அது பக்கவாத ஆபத்தைச் சுமார் 5 மடங்கு கூட்டுகிறது. சரியான நபருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுத்தால் அதைப் பெருமளவு தடுக்கலாம். பிஆர் துடிப்புக்குத் துடிப்பு நீண்டுகொண்டே போய் ஒரு கியூஆர்எஸ் விடுபட்டால் ஏவி கணுவின் அளவில் உள்ள தடை. தூக்கத்தில், விளையாட்டு வீரர்களிடம்கூடக் காணலாம். பிஆர் மாறாமல் இருந்து திடீரென ஒரு கியூஆர்எஸ் விடுபட்டால் கோளாறு அதற்கும் கீழே. முன்னறிவிப்பில்லாமல் முழுத் தடையாக மாறக்கூடியது, பேஸ்மேக்கர் தேவைப்படும். தாளில் இரண்டும் பார்க்க ஒன்றுபோலத் தோன்றும், முடிவு முற்றிலும் வேறு. கியூஆர்எஸ் அகலமாகி வேகமாக ஓடும் துடிப்பை, வேறுவிதமாக நிரூபணமாகும் வரை கீழறையில் பிறந்த ஆபத்தான துடிப்பாகவே நடத்த வேண்டும்.

படபடப்பு வந்துபோகிறவர்களுக்கு 10 வினாடி போதாது. தினமும் வருமானால், உடம்பில் கட்டிக்கொண்டு 24 அல்லது 48 மணி நேரம் தொடர்ந்து பதியும் ஹோல்ட்டர் கருவி. வாரத்துக்கு ஒருமுறை என்றால் நெஞ்சில் ஒட்டும் 14 நாள் பட்டை. சில மாதங்களுக்கு ஒருமுறை மயங்கி விழுகிறார் என்றால் தோலுக்கடியில் வைக்கும் சிறு ரெக்கார்டர், சில ஆண்டுகள் வரை பதியும். வாரம் ஒருமுறை வரும் படபடப்புக்கு ஒருநாள் ஹோல்ட்டர் கட்டி ‘நார்மல்’ என்று முடித்துவிடுவது பணமும் நேரமும் விரயம். ஹோல்ட்டர் கட்டியிருக்கும்போது அறிகுறி வந்த நேரத்தை மணி நிமிடத்தோடு குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பதிவின் மதிப்பு பாதியாகிவிடும். ஸ்மார்ட் வாட்ச் ஈசிஜி என்பது ஒரே ஒரு லீட், பெரும்பாலும் 30 வினாடி. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைப் பிடிக்க நன்றாகவே உதவும். மாரடைப்பை அதால் கண்டுபிடிக்க முடியாது.

இதயத்துக்கு வெளியே இருக்கும் ஒரு ஆபத்தையும் ஈசிஜி காட்டிக்கொடுக்கும். சிறுநீரகம் பழுதானவர் டயாலிசிஸைத் தவறவிட்டு, கைகால் தளர்ந்து வந்தால், ரத்தப் பரிசோதனை முடிவு வரும் முன்பே தாளைப் பாருங்கள். டி அலை குறுகிய அடியில் கூடாரம்போலக் கூராக நிற்கும். பொட்டாசியம் ஏற ஏற பி அலை தட்டையாகி மறையும், கியூஆர்எஸ் அகலும், கடைசியில் அதுவும் டி அலையும் ஒன்றாகக் கலந்து வளைந்து வளைந்து போகும் ஒற்றை அலையாகிவிடும். அடுத்த கட்டம் இதயம் நிற்பதுதான். அந்தத் தோற்றத்தைக் கண்டதும் கால்சியம் ஊசியைப் போட வேண்டும். அது பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை, இதயத்துக்குச் சற்று அவகாசம் வாங்கித் தருகிறது. ஊசி போட்ட சில நிமிடங்களில் கியூஆர்எஸ் மறுபடி குறுகுவதைத் திரையிலேயே பார்க்கலாம். ஈசிஜி நார்மலாக இருப்பதால் பொட்டாசியமும் நார்மல் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. இங்கும் அதே எச்சரிக்கைதான்.

ஓய்வில் எடுக்கும் ஈசிஜி சொல்லாதவை: வால்வு எப்படி இருக்கிறது, இதயம் எவ்வளவு வலுவாக ரத்தத்தைத் தள்ளுகிறது, குழாயில் 70 விழுக்காடு அடைப்பு இருக்கிறதா இல்லையா. முதல் இரண்டுக்கு எக்கோ. நடந்தால் வந்து, நின்றால் போகும் நெஞ்சு இறுக்கத்துக்கு டிரெட்மில், சிடி ஆஞ்சியோ போன்றவை. டிரெட்மில்லில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். எஸ்டி 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கிடையாகவோ சரிந்தோ தாழ்ந்தால் பாசிட்டிவ். இடது கிளைத் தடை, டபிள்யூபிடபிள்யூ, பேஸ்மேக்கர், டிகாக்சின் என்ற இதய மருந்து உள்ளவர்களுக்கு எஸ்டி ஏற்கெனவே கலைந்திருக்கும் என்பதால் இந்தச் சோதனையின் ஈசிஜியைப் படிக்க முடியாது. ஸ்கேனோடு சேர்ந்த சோதனை தேவை.

கருவி தானாக அச்சிடும் வரிகளைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். ‘சைனஸ் அரித்மியா’ என்பது மூச்சை இழுக்கும்போது துடிப்பு கூடி, விடும்போது குறைவது. இளையவர்களுக்கு முழுக்க இயல்பு. ‘முழுமையற்ற வலது கிளைத் தடை’ என்பதும் அறிகுறி இல்லாதவர்களிடம் பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டாதது. ‘செப்டல் இன்ஃபார்க்ட், காலம் தெரியவில்லை’ (நடுச்சுவரில் எப்போதோ மாரடைப்பு) என்று வந்தால் பலமுறை காரணம் மேலே சொன்ன வி1, வி2 இடப்பிசகு. சரியான இடத்தில் வைத்து மறுபடி எடுத்தால் பல சமயம் மறைந்துவிடும். மறையாவிட்டால் எக்கோ எடுத்துப் பாருங்கள். கருவி அளக்கும் எண்கள் பெரும்பாலும் சரியாக இருக்கும், அது எழுதும் நோய்ப்பெயர்களை மருத்துவர் படித்துக் கையெழுத்திடும் வரை முடிவாகக் கொள்ள வேண்டாம்.

கடைசியாக, அந்தத் தாளை என்ன செய்வது? பெரும்பாலான ஈசிஜி, வெப்பத்தில் கறுக்கும் தாளில் அச்சாகிறது. லேமினேட் செய்யக் கொடுத்தால் அந்தச் சூட்டிலேயே முழுத்தாளும் கறுத்துப்போகும். பிளாஸ்டிக் உறையில் வெயில்படும் இடத்தில் வைத்தால் சில ஆண்டுகளில் மங்கிவிடும். வாங்கிய அன்றே கட்டங்கள் தெளிவாகத் தெரியும்படி நேராகப் படமெடுத்து ஃபோனில் வையுங்கள், ஒரு ஜெராக்ஸும் எடுத்துவிடுங்கள். தாளின் ஓரத்தில் தேதி, நேரம், சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்துகள் ஆகியவற்றோடு, எடுத்தபோது வலி இருந்ததா, போய்விட்டிருந்ததா என்பதையும் எழுதுங்கள். அடுத்த முறை அவசரத்தில் உங்கள் ஈசிஜியைப் பார்க்கும் மருத்துவர், தலைகீழான அந்த டி அலை இன்று வந்ததா, ஐந்து ஆண்டாகவே இருக்கிறதா என்பதை அந்தப் பழைய தாளை வைத்துத்தான் முடிவு செய்வார்.